வலி இல்லாத இடுப்புக்கும் எக்ஸ்ரே தேவையா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. பெருமூளை வாதம் இருப்பதால் அவளால் நிற்கவோ நடக்கவோ முடியாது; பிடித்துக்கொண்டால் உட்காருவாள். சேலத்தில் பிசியோதெரபி தருபவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடுப்பு எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார். அவளுக்கு இடுப்பில் வலியே இல்லை. மலையிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வந்துபோவது பெரும்பாடாக இருக்கிறது; கதிர்வீச்சை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. இது அவசியம்தானா?
– ஒரு தாய், ஏற்காடு

பதில்: அவசியம்தான் அம்மா. வலி தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த எக்ஸ்ரே.

பெருமூளை வாதம் என்பது வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் இயக்கம் குறைபடும் நிலை. இக்குழந்தைகள் பிறக்கும்போது இடுப்பு மூட்டு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தொடையை உள்பக்கமாக இழுக்கும் தசைகள் இறுகிப்போவதாலும், நின்று நடக்கும்போது மூட்டுக்குழிக்குக் கிடைக்க வேண்டிய அழுத்தம் கிடைக்காததாலும், தொடை எலும்பின் தலை ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வெளியே நகர்கிறது. தொடக்கத்தில் குழந்தைக்கு வலிக்காது. அனுபவமுள்ள மருத்துவர் காலை விரித்துப் பார்த்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் செய்யப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், பெருமூளை வாதமுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த நகர்வு இருந்தது. தடையின்றி நடக்கும் குழந்தைகளிடம் அது காணப்படவில்லை. இக்குழந்தைகளின் இயக்கத்திறனை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள்; அதில் இயக்கத்திறன் மிகக் குறைந்த ஐந்தாம் நிலைக் குழந்தைகளில் 90 சதவீதம் பேரிடம் இருந்தது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகள் நான்காம் அல்லது ஐந்தாம் நிலையில் இருக்கக்கூடும் என்பதால், தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எலும்புத் தலையில் எத்தனை சதவீதம் குழிக்கு வெளியே நிற்கிறது என்பதைப் படத்தில் அளப்பார்கள். 30 சதவீதத்தைத் தாண்டினால் கூர்ந்து கவனிக்க வேண்டும். 40ஐத் தாண்டினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை குறித்துப் பேச வேண்டிவரும். ஒரு படத்தின் எண்ணைவிட, முந்தைய படத்திலிருந்து அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதே முக்கியம். ஆகவே ரிப்போர்ட்டை மட்டுமல்லாமல் பழைய படங்கள் அனைத்தையும் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் கொண்டுசெல்லுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை நேராக, ஒன்றுக்கொன்று இணையாக வைத்து, முழங்கால் சில்லு மேல்நோக்கி இருக்கும்படி படம் எடுக்க வேண்டும். கால் திரும்பியிருந்தால் அளவே மாறிவிடும் என்பதால், எடுப்பவரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். கண்காணிப்புக்கு இந்த ஒரு படமே பொதுவாகப் போதும். அதன் கதிர்வீச்சு மிகக் குறைவு. அளவு ஏறாமல் நிலையாக இருந்தால் பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையாகக் குறைத்துவிடுவார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வேறு காரியமாக வரும் நாளிலேயே இதையும் முடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் இவ்வாறு ஒழுங்காகக் கண்காணித்துக் காலத்தில் சிகிச்சை அளித்ததால், இடுப்பு முழுவதுமாகக் கழன்றுபோவது அங்கே மிக அரிதாகிவிட்டது. பிசியோதெரபியும் போட்டுலினம் ஊசியும் இறுக்கத்தைத் தளர்த்திப் பராமரிப்பை எளிதாக்கும், அவற்றை விட்டுவிடாதீர்கள். ஆனால் நகர்வை அவை மட்டுமே தடுத்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சில குழந்தைகளுக்கு இறுகிய தசைகளைத் தளர்த்தும் சிறிய அறுவை சிகிச்சையே போதுமானதாக அமையலாம். நகர்வு கூடிவிட்டால் தொடை எலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்தி, தேவைப்பட்டால் குழியையும் சீரமைக்க வேண்டிவரும்; பெரிய சிகிச்சை என்பதால் அதற்கு முன் குழந்தையின் எடை, வலிப்பு, நெஞ்சுச்சளி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். முழுவதும் கழன்று எலும்புத் தலை உருமாறிய பிறகு வந்தால், மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிவிடும்; அப்போது வலியைக் குறைப்பதைத் தவிர அதிகம் செய்ய இயலாது.

துணி மாற்றும்போது தொடைகளை விரிப்பது முன்பைவிடக் கடினமாக இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ, உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, இரவில் காரணமின்றி அழுதாலோ, அடுத்த எக்ஸ்ரே தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.