வெள்ளிக்கிழமை ஆக்ரா வேண்டாம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் ஐந்து நாள் குழுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டவிருக்கிறோம். வியாழன் டெல்லியில் குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும், வெள்ளி ஆக்ரா, சனி ஃபதேப்பூர் சிக்ரி வழியாக ஜெய்ப்பூர், ஞாயிறு முழுக்க ஜெய்ப்பூர், திங்கள் டெல்லி திரும்பிச் செங்கோட்டை. இந்தத் திட்டம் சரிதானா?

பதில்: பணம் கட்டுவதற்கு முன் கேட்டீர்களே, நல்லது. இதில் இரண்டு ஓட்டைகள், இரண்டும் பெரியவை. தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்குத் திறப்பதில்லை. அன்று மதியம் அங்குள்ள மசூதியில் தொழுகை மட்டும்தான். செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. இப்படியே போனால் தாஜை ஆற்றின் அக்கரையிலுள்ள மெஹ்தாப் பாக் தோட்டத்திலிருந்து காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

சுற்றைத் திருப்பிப் போட்டாலே போதும். செங்கோட்டையை வியாழனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி காலை நேராக ஜெய்ப்பூர், சுமார் 270 கி.மீ. சனி ஜெய்ப்பூருக்கு. ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பதினொன்றரை வாக்கில் அக்பரின் பழைய தலைநகரான ஃபதேப்பூர் சிக்ரி. அங்கிருந்து ஆக்ரா 37 கி.மீ.தான் என்பதால் பிற்பகலை ஆக்ரா கோட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு வார விடுமுறை கிடையாது. ஷாஜஹான் சிறையிருந்த எண்கோண மாடத்தின் பக்கம் நின்றால், யமுனை வளைவுக்கு அப்பால் தாஜ் சின்னதாகத் தெரியும். முதலில் அங்கிருந்து பார்த்துவிட்டு மறுநாள் கிட்டே போவதுதான் சரியான வரிசை என்பது எங்கள் கருத்து. திங்கள் விடியலில் தாஜ். சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பே கதவு திறந்துவிடும், வார இறுதிக் கூட்டமும் இருக்காது. மதியம் யமுனா விரைவுச் சாலையைப் பிடித்தால் மாலைக்குள் டெல்லி.

டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் மட்டும் விடியல் யோசனையை விட்டுவிடுங்கள். மூடுபனியில் பத்து மணி வரை குவிமாடமே தெரியாத நாள்கள் உண்டு. டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். பனி விலகட்டும் என்று உள்ளே உட்கார்ந்திருந்தால் நேரம் அதிலேயே போய்விடும்.

கேள்வி: 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று போட்டிருக்கிறார்கள். அங்கே போய் மறுபடி பணம் கேட்பார்களா?

பதில்: கேட்க வாய்ப்பு உண்டு. தாஜ் வளாகத்துக்கு இந்தியர்களுக்கு 50 ரூபாய். நடுவிலுள்ள கல்லறை மாளிகைக்குள் போக மேலும் 200 ரூபாய். பல திட்டங்களில் முதல் டிக்கெட் மட்டும்தான் அடக்கம். ஜெய்ப்பூரிலும் கவனம் தேவை. ஆமேர் கோட்டை, ஹவா மஹால், பழைய வானியல் கூடமான ஜந்தர் மந்தருக்கு அரசு ஒரே கூட்டு டிக்கெட் தருகிறது. நகர அரண்மனை அதில் சேராது, அதற்குத் தனி டிக்கெட். 'வெளியிலிருந்து பார்த்தல்' என்று எந்த இடத்துக்கு எதிரே எழுதியிருந்தாலும், பஸ் நிற்பது பத்து நிமிடம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறைச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. பிள்ளைகளுக்கும் அந்தத் தொகையைச் சேர்த்திருந்தால் கழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாற்பது பேருக்கு ஒரே கைடு என்றால் என்ன காதில் விழும்? அவர் உண்மையான கைடுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: காதில் மாட்டும் ஒலிக்கருவி தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் குழுவை இரண்டாகப் பிரித்து இரண்டு கைடு வைக்கச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற கைடு புகைப்படம் ஒட்டிய அட்டையைக் கழுத்தில் போட்டிருப்பார். அது இல்லாதவர்கள் அதிகம் மொய்ப்பது ஃபதேப்பூர் சிக்ரி வண்டி நிறுத்தத்தில். "நான் மாணவன், சும்மா காட்டுகிறேன்" என்று கூடவே வந்து, தர்காவில் சாத்தும் துணியை வாங்கச் சொல்லி நெருக்குவார்கள். சூஃபி மகான் சலீம் சிஷ்டியின் தர்கா இருக்கும் மசூதிப் பகுதிக்குக் கட்டணம் இல்லை, யார் துணையும் தேவையில்லை. அரண்மனைப் பகுதிக்குத்தான் டிக்கெட்.

தாஜின் கல்லறை மாளிகைக்குள் கைடு பேசி ஒன்றும் புரியாது. குவிமாடத்தில் சத்தம் எதிரொலிக்கும், வரிசையும் தள்ளிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் வெளியிலேயே விளக்கச் சொல்லுங்கள். பெரிய வாயில் வளைவைச் சுற்றி ஓடும் கறுப்பு எழுத்துகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போங்கள். எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் உயரம் ஏற ஏற எழுத்துகளைப் பெரிதாகப் பதித்திருக்கிறார்கள், கண்ணுக்குச் சிறுத்துவிடக் கூடாது என்று.

பளிங்குக் கடையில் வண்டியை நிறுத்தும்போது நேரத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். கடையில் கழியும் ஒன்றரை மணி நேரம் கோட்டையின் நேரத்திலிருந்துதான் போகும். வாங்குவதானால், தட்டின் அடிப்பக்கத்தை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் மாக்கல், பளிங்கு அல்ல.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக. தாஜை நெருங்க பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கிழக்கு வாயில் பக்கம் ஷில்ப்கிராமில் பேட்டரி வண்டி கிடைக்கும். ஃபதேப்பூர் சிக்ரியில் புலந்த் தர்வாஸா என்ற பெரிய வாயிலின் செங்குத்தான படிகளை விட்டுவிட்டு, அரண்மனைப் பக்கமுள்ள பாத்ஷாஹி வாயில் வழியாக மசூதிக்குள் போங்கள். ஆமேர் கோட்டைக்கு ஜீப் உண்டு.

கேள்வி: சென்ற முறை ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் நிழல் காட்டிய நேரமும் என் கைக்கடிகாரமும் அரைமணி நேரத்துக்கு மேல் வித்தியாசப்பட்டன. "பழைய கருவி, அப்படித்தான் இருக்கும்" என்றார் கைடு. அது சரியா?

பதில்: இல்லை, கருவியில் தவறே இல்லை. உங்கள் கடிகாரம் காட்டுவது இந்தியா முழுக்கப் பொதுவாக வைத்திருக்கும் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். ஜெய்ப்பூர் இருப்பது சுமார் 75.8 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் ஜெய்ப்பூரின் சூரிய நேரம் ஏறக்குறைய 27 நிமிடம் பின்தங்கும். அதோடு, பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுக்க ஒரே சீராக இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் இந்த 27 நிமிடம் பிப்ரவரி நடுவில் 41 ஆகிறது, நவம்பர் தொடக்கத்தில் 11 ஆகக் குறைகிறது. நீங்கள் போனது ஜனவரி முதல் மார்ச் வரையிலோ ஜூலை, ஆகஸ்டிலோ இருந்திருக்கும்.

இந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டுப் பெரிய சாம்ராட் யந்திரம் என்ற சூரியக் கடிகாரத்தைப் பாருங்கள். 27 மீட்டர் உயரச் சுவர், வளைந்த அளவுகோலில் இரண்டு விநாடிக்கு ஒரு பிரிவு. நிழல் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகரும். கண் கொட்டாமல் பார்த்தால் நகர்வது தெரிந்துவிடும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால் நிழலின் ஓரம் கலங்கலாகவே விழும். ஒரு மெல்லிய குச்சியைப் பிரிவுகளுக்கு மேலே பிடித்து, அதன் நிழல் எங்கே மறையத் தொடங்குகிறது என்று பார்த்தால் ஓரம் துல்லியமாகப் பிடிபடும். இதற்கு வெயில் கட்டாயம் வேண்டும். திட்டத்தில் ஜந்தர் மந்தரை மாலை ஐந்து மணிக்குப் போட்டிருந்தால், காலை பத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.