40 வயதில் தொடங்கும் மேமோகிராம் ஏன் மலிவாகத் தெரிகிறது

மேமோகிராமை (மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் எக்ஸ்ரே) 40 வயதிலேயே தொடங்குவது மலிவு என்று உங்கள் எக்செல் கணக்கு காட்டுகிறது. அதில் நீங்கள் 40–69 வயதுத் திட்டத்தைப் 'பரிசோதனையே இல்லை' என்பதோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், அதனால்தான் மலிவாக வருகிறது. அதை 50–69 திட்டத்தோடு ஒப்பிட வேண்டும்.

உங்கள் எண்களையே எடுங்கள். 1,000 பெண்களுக்கு 50–69: செலவு 10 லட்சம், கிடைக்கும் நலவாழ்வு ஆண்டு (முழு நலத்தோடு வாழும் ஓர் ஆண்டுக்குச் சமமான அளவு) 20. 40–69: 18 லட்சம், 24 ஆண்டு. 18 லட்சத்தை 24-ஆல் வகுத்து 75,000 போட்டுவிட்டீர்கள். கூடுதல் 8 லட்சத்தைக் கூடுதல் 4 ஆண்டால் வகுங்கள்: ஆண்டுக்கு 2 லட்சம். ஐம்பதுக்கு மேல் வரும் பலன் நாற்பதுகளின் செலவை மறைத்துவிட்டது.

அடுத்து, மறுபரிசோதனைச் செலவு (அல்ட்ராசவுண்ட், பயாப்சி எனும் திசுச் சோதனை) இரண்டு வயதுக்கும் ஒரே எண்ணா என்று பாருங்கள். நாற்பதுகளில் மார்பகத் திசு அடர்த்தி அதிகம், நோயும் குறைவு. வீணாகத் திரும்ப அழைக்கப்படுபவர்கள் கூடுவார்கள். ஒரே எண் போட்டிருந்தால் 2 லட்சமும் குறைத்து மதிப்பிட்டதுதான்.

ஒன்று மட்டும்: மேமோகிராம் ஆய்வுகளின் பலனைக் கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குப் பொருத்தாதீர்கள். சுகாதாரப் பணியாளர்கள் அப்படிப் பரிசோதித்து, 20 ஆண்டு கண்காணித்த மும்பை ஆய்வில், 50க்கு மேற்பட்டோரிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் 30% குறைந்தது. 50க்குக் கீழ் அந்தப் பலன் இல்லை.