பிலிப்பைன்ஸில் கல்யாணம்: 3 லட்சம் பேசோவுக்குள் பிளானர் இல்லாமல் முடியுமா?

கேள்வி: தஞ்சாவூர் பக்கத்துக்காரன், ஷார்ஜாவில் வேலை. என்னுடன் பணிபுரியும் பிலிப்பைன்ஸ் பெண்ணை வரும் ஏப்ரலில் அவருடைய ஊரில், பதாங்காஸ் மாகாணத்தில், கத்தோலிக்கத் தேவாலயத்தில் மணக்கப் போகிறேன். நான் இந்து. எங்கள் இருவர் சேமிப்பும் சேர்த்து 3 லட்சம் பேசோ. பிளானர் 60,000 கேட்கிறார். சாப்பாடு தலைக்கு 850. பெண் வீட்டுப் பட்டியலில் 200 பேர். துண்டு விழுந்தால் கல்யாணத்தில் சாட்சியாக நிற்கும் ஞானப்பெற்றோர் தரும் பணம், நடனத்தில் வரும் பணம், ஒரு பலுவாகன் சீட்டு ஆகியவற்றால் சமாளிக்கலாம் என்கிறார்கள். பிளானர் இல்லாமல் செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் உங்கள் பட்ஜெட்டை விழுங்கப் போவது பிளானர் இல்லை, அந்த 200 பேர் பட்டியல்தான். 850 வீதம் 200 பேருக்கு 1,70,000 பேசோ. இதில் 12% வாட் வரியும் 10% சேவைக் கட்டணமும் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். அடக்கமில்லை என்றால் 2,07,400 ஆகிவிடும். அதோடு பிளானரையும் சேர்த்தால் மீதி 32,600. தேவாலயம், உடை, மோதிரம், பூ, போட்டோ எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க வேண்டும். நடக்காது. அதே கணக்கில் 120 பேர் என்றால் சாப்பாடு 1,24,440. பிளானரை விட்டால் மிச்சமாவது 60,000. பட்டியலைக் குறைத்தால் மிச்சமாவது 83,000.

பட்டியலை எங்கே பேசுவது? பமன்ஹிகானில். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் போய் முறைப்படி பெண் கேட்டு, கல்யாண விவரங்களைப் பேசி முடிக்கும் நாள் அது. கல்யாணச் செலவு மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு என்பது அங்கே பழைய வழக்கம். இன்று பல ஜோடிகள் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனாலும் வெளிநாட்டில் சம்பாதிக்கும் மாப்பிள்ளை என்றால் எதிர்பார்ப்பு கூடும். எனவே முதலில் நீங்கள் இருவரும் ஒரே தொகையில் உறுதியாக இருங்கள். அப்புறம், "எங்களிடம் இருப்பது 3 லட்சம், அதில் 30,000 அவசரத்துக்கு, அதைத் தொட மாட்டோம்" என்று உங்கள் வருங்கால மனைவி அவர்கள் மொழியிலேயே பெற்றோரிடம் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் கஞ்சத்தனமாகத் தெரியலாம். அவர் சொன்னால் குடும்பப் பேச்சாக முடியும்.

நினோங், நினாங் எனப்படும் ஞானப்பெற்றோர் எண்ணிக்கையையும் அன்றே முடிவு செய்யுங்கள். சட்டப்படி வயது வந்த சாட்சிகள் 2 பேர் போதும். வழக்கத்தில் இது ஜோடி ஜோடியாக வளரும். ஒவ்வொரு ஜோடிக்கும் உடையில் குத்தும் பூ, நினைவுப் பரிசு, குடும்பத்தோடு இருக்கைகள் என்று உங்கள் செலவும் வளரும். அவர்கள் தரப்போகும் பணத்தை வரவில் எழுதாதீர்கள். கல்யாண நடனத்தில் விருந்தாளிகள் மணமக்கள் உடையில் குத்தும் நோட்டுகளும் அப்படித்தான். நம் ஊர் மொய்யை நம்பி மண்டபக்காரருக்கு வாக்குக் கொடுக்க முடியாதல்லவா? வந்தால் கல்யாணத்துக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாறாக, நெருங்கிய ஒரு நினாங் "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் கேக்கை ஏற்கச் சொல்லலாம். முன்கூட்டி ஒத்துக்கொண்ட பொருளை மட்டும் கணக்கில் சேர்க்கலாம்.

பலுவாகனுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. நன்கு தெரிந்த சக ஊழியர்கள் நடத்துவது என்றாலும், கல்யாணத்துக்கு முன்பே உங்கள் முறை வருவது உறுதியாக இருக்க வேண்டும். ஒருவர் நின்றுவிட்டாலும் உங்கள் தேதி சிக்கலில் விழும். இணையத்தில் நடக்கும் பலுவாகன்கள் பற்றி அந்நாட்டு செக்யூரிட்டீஸ் ஆணையமே எச்சரித்திருக்கிறது.

எந்த முன்பணமும் கொடுக்கும் முன் காகித வேலையைத் தொடங்குங்கள். பணம் வீணாகும் பெரிய வழி இதுதான். திருமண உரிமத்துக்கு உங்களில் ஒருவர் வசிக்கும் ஊரின் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது பெண்ணின் ஊர். 10 நாள் அறிவிப்புக்குப் பிறகே உரிமம் கிடைக்கும். கிடைத்த நாளிலிருந்து 120 நாள்தான் செல்லும். வெளிநாட்டவரான நீங்கள், மணம் செய்யச் சட்டத் தடை இல்லை என்ற சான்றிதழை இந்தியத் தூதரகத்திடமிருந்து பெற வேண்டும். ஞானஸ்நானம் பெறாத ஒருவரை கத்தோலிக்கர் மணக்க மறைமாவட்டத்தின் விதிவிலக்கு அனுமதியும் தேவை. பங்குத்தந்தையிடம் இப்போதே பேசுங்கள். ஏப்ரல் என்கிறீர்களே, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் எப்போது என்று பார்த்தீர்களா? அந்த வாரத்தில் தேவாலயங்களில் பொதுவாகக் கல்யாணம் வைக்க மாட்டார்கள். இவை தெளியும் முன் மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, தேதி தள்ளிப்போனால் அந்தப் பணம் திரும்பி வருவது கடினம்.

மற்றவை எளிது. மாப்பிள்ளை அணியும் பிலிப்பைன்ஸ் மரபு உடையான பாரோங் சட்டைக்கு மணிலா கடைக்குப் போக வேண்டாம். பதாங்காஸிலேயே உள்ள தால் ஊர் பாரோங் எம்பிராய்டரிக்குப் பேர்போனது. நினைவுப் பரிசுக்கு திவிசோரியா, பூவுக்கு டங்வா சந்தை, இரண்டும் மணிலாவில். மேசை, நாற்காலி, அலங்காரம் கேட்டரிங் பேக்கேஜில் உண்டா என்று பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள். லெச்சோன், அதாவது முழுப் பன்றி வாட்டல், வெளியிலிருந்து கொண்டுவந்தால் அதற்கென்று கார்க்கேஜ் என்ற தனிக் கட்டணம் கேட்பார்கள். அதையும் பேசி எழுதி வாங்குங்கள். உங்கள் வீட்டார் சைவம் என்றால் அந்தத் தட்டுகளையும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு செலவை வெட்டாதீர்கள்: கல்யாண நாளுக்கு மட்டும் வரும் ஒருங்கிணைப்பாளர். நீங்கள் ஷார்ஜாவில், குடும்பம் விருந்தாளிகளைக் கவனிப்பதில். பூக்காரர் வந்தாரா, யார் எப்போது நடந்து வர வேண்டும், மீதிப் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும்.

பணத்தைக் கட்ட வேண்டிய தேதிகளுக்கு ஏற்பத் தவணையாக அனுப்புங்கள். திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டது. பேசோ ஏறி இறங்கும். நல்ல விலைக்குக் காத்திருந்து தவணையைத் தவறவிட வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு புள்ளியியல் ஆணையத்திலிருந்து திருமணச் சான்றிதழ், அதை வெளிநாட்டில் காட்ட வெளியுறவுத் துறை தரும் அப்போஸ்டில் என்ற சான்றொப்பம், உங்களோடு குடியேற வருவதானால் வெளிநாட்டு பிலிப்பினோக்கள் ஆணையத்தில் மனைவி பெற வேண்டிய ஆலோசனைச் சான்று ஆகியவற்றுக்கும் நாளும் பணமும் தேவைப்படும். அவற்றைக் கல்யாணப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.