பூவாளியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்

அன்புள்ள ஐயா,

செடி வளர்த்தே பழக்கமில்லாத 14 பேருக்கு வார இறுதிகளில் காய்கறி வளர்க்கச் சொல்லித் தருகிறேன். முதல் வகுப்பிலேயே மண், உரம், பூச்சி, பருவம் எல்லாவற்றையும் விளக்கி ஒரு கையேடும் கொடுத்தேன். ஆளுக்கு 8 வகை விதைகள். இரண்டு மாதத்தில் 10 பேர் நின்றுவிட்டார்கள். தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் நாற்றுகள் செத்துவிட்டனவாம். "எனக்குக் கைராசி இல்லைங்க" என்றார் ஒருவர். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் இன்னும் விரிவாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டுமோ?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கைராசியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வகுப்பில் ஒருவர்கூட அதை நம்பிவிடக் கூடாது. நாற்றுகள் ஏன் செத்தன என்பதற்கான பதில் பெரும்பாலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தினமும் தவறாமல் ஊற்றியிருக்கிறார்கள்.

வேருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றும் வேண்டும் என்பதைப் புதியவர்களிடம் யாரும் சொல்வதில்லை. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில்தான் அந்தக் காற்று இருக்கிறது. அந்த இடுக்குகள் எந்நேரமும் நீரால் நிரம்பியிருந்தால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை துவண்டுபோகும். பார்க்கிறவருக்கு அது தாகத்தில் வாடிய செடி மாதிரியே தெரியும். பாவம், இன்னும் ஒரு பூவாளி ஊற்றுவார். இளநாற்றாக இருந்தால் நாற்றழுகல் வேறு சேர்ந்துகொள்ளும். ஈர மண்ணில் இருக்கும் பூஞ்சை, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பிடித்து, ஒரே இரவில் நாற்றைச் சாய்த்துவிடும். அக்கறையில்லாதவர்களின் செடி மட்டும்தான் சாகும் என்று நினைக்காதீர்கள். புதியவர்களின் செடிகள் அதிக அக்கறையாலேயே நிறைய சாகின்றன.

அதனால் முதல் வகுப்பில் பேச்சைக் குறைத்து மூன்று தொட்டிகளை வையுங்கள். ஒன்றில் காய்ந்த மண், ஒன்றில் சொதசொதப்பான மண், ஒன்றில் சரியான ஈரம். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்கட்டும். பிறகு தொட்டியைத் தூக்கி எடையையும் பார்க்கட்டும். மேல் மண் காய்ந்திருக்க, அடியில் நல்ல ஈரம் இருப்பதை விரல் கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு "எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றணும்?" என்ற கேள்வி தானாகக் குறைந்துவிடும். ஒரே ஒரு விலக்கு உண்டு. விதைத்ததிலிருந்து முளைக்கும் வரை மேல் மண் காயக் கூடாது, அப்போது மட்டும் லேசாகத் தெளித்துவர வேண்டும்.

இன்னும் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பாதியாகக் குறைத்திருக்கலாம் என்பேன். 8 விதைக்கும் 8 விதமான ஆழம், இடைவெளி, காத்திருப்பு. தக்காளி நாற்றை நட்ட பிறகும் பழம் பறிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஒன்றையுமே அறுவடை செய்து பார்க்காத ஒருவரை அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்வது சரியில்லை.

சீக்கிரம் விளையும் சிறிய முள்ளங்கி ஒன்றை மட்டும் கொடுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும், நான்கைந்து வாரத்தில் பிடுங்கலாம். உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலை மட்டும் செழித்துக் கிழங்கு சிறுத்துப்போகும், வெயில் போதாவிட்டால் தண்டு நீண்டு சாயும். செய்த தவறு ஒரே மாதத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெயில் கடுமையான காலத்தில் முள்ளங்கி கிழங்கு வைக்காமல் பூத்துவிடும் என்பதால் அப்போது தண்டுக்கீரை கொடுக்கலாம்.

முள்ளங்கியில் எல்லோரும் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு: பயிர் கலைத்தல். நெருக்கமாக முளைத்த நாற்றுகளில் நான்கைந்து சென்டிமீட்டருக்கு ஒன்றை விட்டு மற்றவற்றைப் பிடுங்க வேண்டும். தானே விதைத்து முளைக்க வைத்ததைப் பிடுங்க யாருக்கும் மனம் வராது. என்னிடம் கற்க வந்த பெரியவர் ஒருவர் அப்படித்தான் தொட்டிமுன் நின்றுகொண்டே இருந்தார். நேரமாகிறதே என்று நானே கையை விட்டுக் கலைத்துவிட்டேன். விளைச்சல் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அதைப் பிடுங்கியபோது "இது நீங்க வளர்த்தது" என்று என்னிடமே நீட்டினார். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதற்குப் பிறகு மாணவர்களின் தொட்டியை நான் தொடுவதே இல்லை. ஆளுக்கு இரண்டு தொட்டி கொடுத்து, ஒன்றைக் கலைக்கவும் மற்றதை அப்படியே விடவும் சொல்கிறேன். அறுவடை நாளில் ஒன்றில் உருண்ட கிழங்கும் மற்றதில் நூல் போன்ற வேரும் வரும். அப்புறம் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த பயிராக பீன்ஸ் கொடுக்கலாம். காய்த்து முடியும் முன்பே ஒரு செடியை வேரோடு பிடுங்கி, வேரில் சிறு உருண்டையாக இருக்கும் வேர்முடிச்சை நகத்தால் பிளந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்கே நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். தக்காளி, பூசணி எல்லாம் அதற்கும் பிறகுதான். பூசணிக்கு வரும்போது, முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள், அவை உதிர்வது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

கையேட்டுக்குப் பதில் ஒரு வெற்று நோட்டு போதும். விதைத்த நாள், முளைத்த நாள், விரலில் தெரிந்த ஈரம், இவற்றை அவர்களே எழுதட்டும்.

சரி, நின்றுபோன 10 பேர்? ஒவ்வொருவரையும் நீங்களே கூப்பிடுங்கள். செத்த செடியோடு தொட்டியை அப்படியே எடுத்துவரச் சொல்லுங்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, தொட்டிகளைத் தாளின்மேல் கவிழ்த்து மண்ணைப் பிட்டுப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள், அழுகல் வாடை மூக்குக்குத் தெரியும். நல்ல வேர் வெளுத்து உறுதியாக இருக்கும், அழுகியது பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று கையோடு வரும். கைராசி இல்லை என்றவரின் தொட்டியை முதலில் எடுங்கள். அவரே கவிழ்க்கட்டும்.

அன்புடன்.