வீட்டுத் தொட்டியில் குழம்பு மீன்: கேள்வி பதில்

சாப்பாட்டுக்கான மீனை வீட்டிலேயே தொட்டியில் வளர்ப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

மதுரை: அக்கா, இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி சும்மா கிடக்கிறது. ஜிலேபி கெண்டை எத்தனை விடலாம்?

விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். கொஞ்சம் குறைத்து 50 என்று வையுங்கள் தம்பி. ஏர் பம்ப்பும் நல்ல ஃபில்டரும் இருந்தால் லிட்டருக்கு 20 கிராம் மீன் வரை தாங்கும். மொத்தம் ஒரு கிலோ, அதாவது கால் கிலோ மீன் நாலு. மாசக்கணக்கில் தீவனம் போட்டு ஒரு வேளைக் குழம்பு! மீன் வாங்கும் காசு மிச்சமாகும் என்ற கணக்கு இந்த அளவில் வரவே வராது. என்ன தின்று, எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று தெரிந்த மீன் வேண்டும் என்பவர்களுக்குத்தான் இது. இடம் இருந்தால் 200 லிட்டர் நீல டிரம் இதைவிட மேல். கெமிக்கல் வந்த டிரம் மட்டும் கூடாது.

ஜிலேபியில் இன்னொரு சிக்கல். சில மாசத்திலேயே குஞ்சு பொரிக்க ஆரம்பித்துவிடும். பெண் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். அந்த நாட்களில் சரியாகத் தின்னாது, வளராது. ஆண்கள் இடம் பிடிக்க அடித்துக்கொள்ளும். வளர்ப்பதென்றால் அனுமதி பெற்ற பொரிப்பகத்தில் ஆண் குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள்.

தஞ்சாவூர்: அப்படியானால் சின்னத் தொட்டிக்கு எந்த மீன்தான் சரி? எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஏர் பம்ப் நின்றாலும் தாக்குப்பிடிக்கிற மீன்தான் வேண்டும். பனையேறிக் கெண்டை, விரால், நாட்டுக் கெளுத்தி, தேளி எல்லாம் மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கும். நெருக்கமாக விட்ட ஜிலேபி, கரண்ட் போன ஒரே ராத்திரியில் மொத்தமாக மிதந்துவிடும்.

நான் முதலில் சொல்வது பனையேறி. கையளவுதான் வளரும், ஆனால் ருசியான மீன். தீவனத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். தொட்டிக்கு மூடி அவசியம், அதன் மேல் கனமாக ஏதாவது வையுங்கள். இந்த மீன் ஏறி வெளியே வந்து தரையில் நடக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். மேலே வந்து காற்றுக் குடிக்க வழியில்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தேளியின் முள்ளில் விஷம் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

கோவை: புதுத் தொட்டி, போர்வெல் தண்ணீர், பத்துக் குஞ்சு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நாலாம் நாளே ஆறு செத்துவிட்டது. குஞ்சு சரியில்லையா மேடம்?

குஞ்சு மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் அமோனியாதான் காரணம். அது கண்ணுக்குத் தெரியாது. செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள்: நல்ல சிவப்பாக இல்லாமல் கருஞ்சிவப்பாகி, வீங்கி, கொழகொழவென்று இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

கணக்காகச் சொல்கிறேன். 30 சதவீதப் புரதமுள்ள தீவனம் 10 கிராம் போட்டால் அதில் 3 கிராம் புரதம், அதில் சுமார் அரை கிராம் நைட்ரஜன். அதில் பாதியாவது செவுள் வழியாக அமோனியாவாகத் தண்ணீருக்கு வந்துவிடும். 50 லிட்டரில் கால் கிராம் என்றால் லிட்டருக்கு 5 மில்லிகிராம். இது ஒரே நாள் கணக்கு! போர்வெல் தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) பல ஊர்களில் 8 பக்கம் இருக்கும். அமோனியாவில் விஷமாக வேலை செய்யும் பங்கு, நம் ஊர் வெயில் சூட்டில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது; 8 என்றால் ஏழு, எட்டு ஆகிவிடும். அதனால்தான் பக்கத்து வீட்டில் பிழைக்கிற மீன் உங்கள் வீட்டில் சாகிறது.

இந்த அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் விடாமல் தினம் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் போட்டு ஃபில்டரை ஓட விடுங்கள். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கிடைத்தால் காலம் பாதியாகக் குறையலாம். டெஸ்ட் கிட் வாங்கி, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு குஞ்சு விடுங்கள். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தால் போதும். இப்போதைக்கு, மிச்சமுள்ள நாலுக்கும் தீவனத்தை நிறுத்தி, தினமும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள்.

திருநெல்வேலி: விரால் பத்து விட்டேன், ஐந்துதான் இருக்கிறது. எங்கே போனது?

மற்ற ஐந்தின் வயிற்றுக்குள். விரால் தன்னைவிடச் சின்னதைத் தின்னும். ஒரே அளவுக் குஞ்சாக வாங்கி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை பெரிதைப் பிரித்துவிடுங்கள். மிதக்கும் தீவனத்துக்குப் பழக்கிய குஞ்சா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

தூத்துக்குடி: இறால், நண்டு, மட்டி?

பண்ணைகளில் வளர்க்கும் வனாமி இறால் வேண்டாம். அது உரிமமும் நோய்க்கட்டுப்பாடும் உள்ள பண்ணைக்கான தொழில். நன்னீர் இறால் முடியும், ஆனால் அதற்குத் தண்ணீரின் ஆழத்தைவிடத் தரைப் பரப்புதான் கணக்கு. வளரும்போது தன் தோலைக் கழற்றிய இறால் மெத்தென்று அசையாமல் கிடக்கும், அந்த நேரத்தில் மற்றவை பிய்த்துத் தின்றுவிடும். பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் பழைய வலையும் ஒளிவதற்குப் போட்டாலும், இரண்டடித் தொட்டியில் மூன்றுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். வீட்டில் குஞ்சு எடுப்பதும் நடக்காது, முட்டையிலிருந்து வரும் அதன் இளம்புழு உவர்நீரில்தான் பிழைக்கும். நண்டும் ஒன்றையொன்று கடிக்கும். மட்டி தண்ணீரை வடிகட்டி நுண்பாசியைத் தின்பது. தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். செத்த ஒரே மட்டி முழுத் தண்ணீரையும் நாறடித்துவிடும்.

ஈரோடு: ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு மலிவாகத் தருகிறார்கள்.

வாங்காதீர்கள். இந்தியாவில் தடை செய்யப்பட்ட மீன். தப்பி ஏரியில் விழுந்தால் நம் நாட்டு மீனை அழித்துவிடும்.

சென்னை: வெள்ளைப் புள்ளி நோய்க்கு அலங்கார மீன் கடையில் நீல மருந்து வாங்கி ஊற்றினேன். குணமாகிவிட்டது. இனி அந்த மீனைச் சாப்பிடலாமா?

கூடாது சகோதரி. இத்தகைய மருந்துகள் பலவற்றில் மாலகைட் கிரீன் என்ற சாயம் இருக்கும். உணவு மீனுக்கு அது தடை, சதையில் நீண்ட நாள் தங்கும். அந்த மீன்களைச் சாப்பிடாமல் அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பாருங்கள்.

திருச்சி: வளர்த்த மீனில் சேற்று வாடை. எப்படிப் போக்குவது? பிடித்தபின் ரொம்ப நேரம் துடிக்கிறது, பார்க்க முடியவில்லை.

வாடை, சில பாசியும் பாக்டீரியாவும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. அது மீனின் கொழுப்பில் தங்கும். சமைப்பதற்கு மூன்று நாலு நாள் முன்பே மீனைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றி, தீவனம் நிறுத்தி, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். அதில் பழைய ஸ்பாஞ்சும் கல்லும் வேண்டாம், வாடை அவற்றிலிருந்தும் வரும்.

துடிப்பது பற்றிக் கேட்டது நல்லது. காற்றுக் குடிக்கிற மீன் வெளியே மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அப்படிப் போட்டுவைப்பது கொடுமை. ஈரத் துணியால் இறுக்கிப் பிடித்து, கண்ணுக்குச் சற்றுப் பின்னால் தலையில் கட்டையால் பலமாக ஒரே அடி. அசைவு நின்றதும் செவுளை அறுத்து ரத்தத்தை வடிய விடுங்கள். அதற்குப் பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தால் கொழகொழப்பு போய்விடும்.