பலாச்சுளை குழைவதைப் படிக்க நினைக்கும் மகள்

ஐயா, நீங்கள் மகளோடு வந்துபோனதிலிருந்து உங்கள் கேள்விதான் மனதில் ஓடுகிறது. "செடியோட செல்சுவர், மரபணுன்னு என்னமோ சொல்றா. அதைப் படிச்சா யார் சார் வேலை கொடுப்பாங்க?"

உங்கள் பண்ருட்டித் தோப்பிலிருந்தே சொல்கிறேன். கல்லாக இருக்கும் பலாக்காய், பழுத்ததும் ஏன் குழைகிறது? ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் உறைதான் செல்சுவர். அதில் இருந்து செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை நொதிகள் கரைக்கின்றன. அந்த நொதிகளை எப்போது, எவ்வளவு உண்டாக்குவது என்பது மரபணுக்களின் கையில் இருக்கிறது. தக்காளியில் அப்படி ஒரு மரபணுவை அடக்கி உருவாக்கிய ஃபிளேவர் சேவர் ரகம் 1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வியாபாரத்தில் நிலைக்கவில்லை. ஆனாலும், லாரி சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் பழம் கெட்டு நஷ்டப்பட்ட உங்களுக்கு அந்த ஆராய்ச்சியின் அருமை புரியும்.

பழத்தோடு முடிவதில்லை. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு கணுவுக்குக் கணு நீள்கிறதே, அங்கேயும் செல்சுவர் முதலில் நெகிழ வேண்டும், பிறகு இறுக வேண்டும். நெகிழாவிட்டால் வளர்ச்சி இல்லை. இறுகாவிட்டால் தண்டு நிற்காது. சுவரை நெகிழ்த்தும் எக்ஸ்பான்சின் என்ற புரதத்தைத் தக்காளியின் குருத்து நுனியில் ஓரிடத்தில் வைத்தார்கள். அங்கே இலை போலவே ஒரு முளை எழுந்தது. 1997இல் வந்த ஆய்வு இது. அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு செடியில் சுவரின் இழைகளை வெட்டி ஒட்டும் ஒரே ஒரு நொதிக் குடும்பத்துக்கே 33 மரபணுக்கள். வேருக்குச் சில, தண்டுக்குச் சில, பூவுக்குச் சில என்று வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. உங்கள் மகள் இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தீர்களா? எனக்கு அது மதிப்பெண்ணைவிடப் பெரிய சான்று.

சரி, பிழைப்புக்கு வருவோம். பி.எஸ்சி. முடித்ததும் இந்தத் துறையில் நல்ல சம்பளம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் சீக்கிரம் வருமானம் வேண்டுமென்றால் பி.எஸ்சி. விவசாயத்தில் சேர்த்துவிடுங்கள், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலையிலேயே இருக்கிறது. விதை நிறுவனம், சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவு, வங்கி, அரசுத் தேர்வு என்று வழிகள் உண்டு. மரபியலை எம்.எஸ்சி.யில் எடுத்துக்கொள்ளலாம். காத்திருக்க முடியுமென்றால் தாவரவியலோ உயிர்வேதியியலோ படித்து, கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதிக் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கு எம்.எஸ்சி. படிக்கப் போகலாம். அப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது ஆராய்ச்சி மாணவருக்கான உதவித்தொகைத் தகுதி கிடைத்தால், 2023 திருத்தத்தின்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. எதைப் படித்தாலும் புள்ளியியலும் கொஞ்சம் கணினி நிரலும் கற்றுக்கொள்ளட்டும். இன்று மரபணு ஆய்வில் பாதி வேலை கணினியில்தான் நடக்கிறது.

கடன் வாங்கி லட்சக்கணக்கில் கட்டி மட்டும் பயோடெக் சேர்க்காதீர்கள். பல குடும்பங்கள் அதில் நொந்துபோனதைப் பார்த்துவிட்டேன்.

இந்த வாரமே பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்துக்கு அவளை அழைத்துப் போங்கள். பாலூர் 1 பலா ரகம் அங்கிருந்து வெளிவந்ததுதான். விஞ்ஞானிகளிடம் அவளே கேள்வி கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். அதன்பிறகு பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள், விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்புவோம்.