குழந்தை கனடாவில் பிறந்தால் உதவித்தொகை உடனே கிடைக்குமா?

கேள்வி: என் கணவருக்கு வேலை அனுமதி கிடைத்து, 2025 மார்ச் நடுவில் மதுரையிலிருந்து பிராம்ப்டனுக்குக் குடும்பமாக வந்தோம். மூத்தவனுக்கு நான்கு வயது. நவம்பரில் இங்கே மகள் பிறந்தாள். அவள் கனடியக் குடிமகள் என்பதால் உதவித்தொகை உடனே வரும் என்று சிலரும், பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வரும்வரை ஒரு சதம்கூடக் கிடைக்காது என்று சிலரும் சொல்கிறார்கள். நான் வேலைக்குப் போகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டுமே தவறு. கனடா சைல்ட் பெனிஃபிட் என்ற இந்தக் குழந்தை உதவித்தொகை குழந்தையின் குடியுரிமையைப் பார்த்துத் தரப்படுவதில்லை. பெற்றோரின் தகுதியையே பார்க்கிறார்கள். நீங்களோ உங்கள் கணவரோ பி.ஆர். ஆகிவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. தற்காலிக அனுமதியில் இருப்பவர்கள் தொடர்ந்து 18 மாதங்கள் கனடாவில் வசித்திருக்க வேண்டும். 19ஆம் மாதத்தில் அனுமதியும் செல்லுபடியாக இருக்க வேண்டும். உங்களுக்கு 2026 செப்டம்பர் நடுவில் 18 மாதம் நிறைகிறது. ஆகவே அக்டோபரிலிருந்து உரிமை உண்டு, அதுவும் இரண்டு பிள்ளைகளுக்கும். மதுரையில் பிறந்த மகனுக்குக் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தொகை சிறியதல்ல. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான கணக்கில், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டாலர். 6 முதல் 17 வயது வரை 6,748 டாலர். குடும்ப வருமானம் 37,487 டாலரைத் தாண்டினால் படிப்படியாகக் குறையும். விலைவாசிக்கேற்ப ஒவ்வொரு ஜூலையிலும் இந்த எண்கள் மாறும். இந்தப் பணத்துக்கு வரி கிடையாது.

நம் குடும்பங்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் வருமான வரிக் கணக்கில்தான். “எனக்குத்தான் வருமானமே இல்லையே, எதற்குக் கணக்கு?” என்று மனைவி விட்டுவிடுகிறார். கணவன், மனைவி இருவரும் ஆண்டுதோறும் ஏப்ரல் 30க்குள் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும், வருமானம் பூஜ்யமாக இருந்தாலும்கூட. ஒருவர் விட்டாலும் ஜூலையில் தொகை நின்றுவிடும். அதனால் வரிக் கணக்குக்குத் தேவையான சின் நம்பர் (சமூகக் காப்பீட்டு எண்) வாங்காமல் இருந்தால் முதலில் அதை வாங்குங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகக் கணக்குத் தாக்கல் செய்து தரும் தன்னார்வ முகாம்கள் மார்ச், ஏப்ரலில் நடக்கும்.

விண்ணப்பப் படிவம் ஆர்சி66. அதைத் தாய் நிரப்புவதே வழக்கம். வீட்டில் தாய் இருந்தால் பிள்ளையை முதன்மையாகப் பார்த்துக்கொள்பவர் அவரே என்றுதான் வரித்துறை எடுத்துக்கொள்கிறது. புதிதாக வந்தவர்கள் ஆர்சி66எஸ்சிஎச் என்ற இணைப்பையும் சேர்க்க வேண்டும். கனடாவுக்கு வருமுன் ஈட்டிய வருமானத்தை அதில் கேட்பார்கள். 2025 ஜனவரியிலிருந்து விமானம் ஏறும்வரை மதுரையில் உங்கள் கணவர் வாங்கிய சம்பளமும் இதில் அடங்கும். ரூபாயைக் கனடிய டாலராக மாற்றி எழுதுங்கள். “அது இந்தியாவில் சம்பாதித்தது” என்று மறைக்க வேண்டாம்; பின்னால் தெரியவந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். மகனின் பிறப்புச் சான்றிதழ், அனுமதிகளின் நகல், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். படிவம் இலவசம். அதை நிரப்பித் தர நூற்றுக்கணக்கில் கட்டணம் கேட்பவர்களிடம் போக வேண்டிய அவசியம் இல்லை.

கணவரின் அனுமதி எப்போது முடிகிறது என்பதை இன்றே பாருங்கள். அக்டோபருக்கு முன் முடிவதாக இருந்தால் நீட்டிப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். உதவித்தொகை வரத் தொடங்கிய பிறகும் அனுமதி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நகலை வரித்துறைக்கு அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் பழைய அனுமதி முடியும் தேதியோடு பணம் நின்றுபோகும். பிராம்ப்டன் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் குழந்தை உதவிக்குத் தனி விண்ணப்பம் வேண்டாம். தகுதி இருந்தால் இதனுடன் சேர்ந்தே வரும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கூட்டாட்சி அரசின் திட்டத்தில் சேர்ந்த ஒன்டாரியோ குழந்தைகள் காப்பகங்களில், ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கான கட்டணம் 2025 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 22 டாலருக்கு மேல் போகக்கூடாது. காத்திருப்போர் பட்டியல் நீளமானது. மகளின் பெயரை இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.